வீட்டுத் தார்ப்பாதைக்கு மில்லிங்: மெஷினைக் கூப்பிடுவதற்கு முன்

கேட்டின் அடிப்பட்டை தாரில் உரச ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு மில்லிங், அதாவது பழைய தாரை மெஷினால் சீவி எடுக்கும் வேலை, ஞாபகம் வருகிறது. இல்லாவிட்டால் போர்டிகோவுக்கு ஏற மூன்று படி இருந்த இடத்தில் ஒன்றரைப் படி மிஞ்சும்போது. பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டே வந்ததன் பலன் அது. ஒவ்வொரு தடவையும் பாதை ஒன்றரை இன்ச் ஏறும், வீடு ஏறாது. ஊர்த் தெருக்களிலும் இதே கதைதான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருந்த மட்டத்திலேயே சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அதிகாரிகளுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. உங்கள் காம்பவுண்டுக்குள் அந்த உத்தரவை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சேலத்தில் முன்பக்கம் நீளமாக இடம் விட்டுக் கட்டிய வீடுகள், ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாக்கள், ஹோம் ஸ்டே ஆக்கிய பழைய வீடுகள் ஆகியவற்றின் உரிமையாளர்களுக்காக எழுதியது இது. கணக்குகள் எல்லாம் 12 அடி அகலம், 80 அடி நீளம், அதாவது 960 சதுரடிப் பாதை ஒன்றை வைத்துப் போட்டவை. உங்கள் அளவுக்கு ஏற்றபடி பெருக்கிக்கொள்ளுங்கள்.

மில்லிங் எதைச் சரிசெய்யும்

மில்லிங் மெஷினின் வயிற்றில் ஒரு டிரம் சுழலும். அதில் கார்பைடு முனை வைத்த பற்கள் வரிசையாக இருக்கும். வைத்த ஆழத்துக்குத் தாரைச் சீவித் தூளாக்கும், அவ்வளவுதான். ஏறிப்போன மட்டம் இறங்கும். வெயிலில் வெளுத்து ஜல்லி உதிரும் மேல்தோல் போகும். அலையலையாகக் கிடக்கும் மேடுபள்ளம் சமமாகும். மேலோட்டமான விரிசலும் போய்விடும்.

அடித்தளம் கெட்டிருந்தால் மில்லிங்கால் எந்தப் பயனும் இல்லை. விரிசல்கள் முதலைத் தோல் மாதிரி சின்னச் சின்னக் கட்டமாகப் பிரிந்திருந்தால், கோளாறு தாருக்கு அடியில் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்தில் காரை அந்த இடத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டயர் ஏறும்போது விரிசல் வழியாகச் செம்மண் தண்ணீர் கசிந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். அங்கே மேல்தாரைச் சுரண்டிப் புதுத்தார் போட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் அதே கட்டங்கள் அதே இடத்தில் மேலே வந்துவிடும்.

இப்படிப்பட்ட இடங்களைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் குறித்துவிட்டு மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். பாதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் மில்லிங் யோசனையை விட்டுவிட்டு அடியோடு பெயர்த்துப் புதிதாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம். குறைவாக இருந்தால் அந்த இடங்களை மட்டும் அடித்தளத்தோடு சரிசெய்யலாம்.

முதல் வேலை: குழி தோண்டுவது

காண்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. செலவு ஒரு ஆளின் அரை நாள் கூலி. பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் டயர் ஓடும் தடத்தில் ஒன்று, போர்டிகோவுக்கு முன்னால் ஒன்று என மூன்று இடத்தில் ஓரடிச் சதுரம் குறித்து, உளியும் சுத்தியலும் வைத்து ஓரத்தை நேராக வெட்டி, கடப்பாரையால் நெம்பி எடுங்கள். குழியின் சுவரைத் துடைப்பத்தால் தட்டிவிட்டால் அடுக்குகள் தெரியும். மேலே கறுப்பு. அதிலேயே இரண்டு மூன்று அடுக்கு இருந்தால் நடுவே மெல்லிய தூசிக்கோடு ஓடும். அதற்குக் கீழே ஒன்றரை இன்ச் ஜல்லியும் கிராவலும் கலந்த தளம். அதற்கும் கீழே மண். இரும்பு டேப்பால் குழியின் நான்கு பக்கமும் தார் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவாக வராது. மிகக் குறைவான அளவை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

மொத்தத் தார் 25 மி.மீ.க்குள் இருந்தால் மில்லிங்குக்கு அங்கே வேலையில்லை. நம் பக்கம் பழைய வீட்டுப் பாதைகளில் நிறைய இடத்தில் இருப்பது 20 மி.மீ. கார்ப்பெட், அதாவது மெல்லிய மேல்தார்தான். அதன்மேல் 40 மி.மீ. ஆழம் வைத்து மெஷினை ஓட்டினால் பற்கள் ஜல்லித் தளத்தைக் கிளறிப் போட்டுவிடும். நன்றாக இறுகிக் கிடந்த அடித்தளத்தைக் காசு கொடுத்துக் கெடுத்த கதையாகும். பற்களும் தேயும், மெஷின்காரர் அதற்கும் சேர்த்து பில் போடுவார். இந்த மாதிரிப் பாதைக்கு ஜேசிபி பக்கெட்டால் உரித்து எடுத்து, தளத்தைச் சமன் செய்து புதிதாகப் போடுவதே சிக்கனம்.

75 மி.மீ.க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 40 எடுத்து 40 போடலாம். மட்டம் இறங்க வேண்டுமென்றால் 50 எடுத்து 40 போடலாம்.

சிக்கல் நடுவில் இருப்பதில்தான். 50 மி.மீ. தார் இருக்கிறது, 40-ஐச் சுரண்டிவிட்டால் அடியில் 10 மி.மீ. தோல் மிஞ்சும். அந்தத் தோல் தனியாக நிற்காது. மெஷினும் லாரியும் போகும்போதே அப்பளம் மாதிரி உடையும். புதுத் தார் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டும் சேர்ந்து பிறகு பெயரும். ஆகவே குறைந்தது 25 மி.மீ.யாவது பழைய தார் கீழே நிற்கும்படி ஆழத்தை வையுங்கள், இல்லையென்றால் முழுவதையும் எடுத்துவிடுங்கள். தூசிக்கோடு தெரிந்த அடுக்குக்குச் சற்றுக் கீழே வரை சுரண்டுவது நல்லது. கோட்டுக்கு மேலே ஒட்டாத மெல்லிய அடுக்கை விட்டு வைக்காதீர்கள்.

தோண்டிய குழிகளை அன்றைக்கே வெட் மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை) போட்டு இடித்து மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் ஒரு மழையில் அடித்தளம் ஊறிவிடும்.

மட்டமும் தண்ணீரும்

சுரண்டி முடித்த பிறகு பழைய மட்டம் எங்கே இருந்தது என்று சொல்ல ஆதாரம் எதுவும் மிஞ்சாது. அதனால் முன்னாடியே டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூப்) பிடித்து, காம்பவுண்டுச் சுவரில் பத்தடிக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தார் எத்தனை இன்ச் கீழே என்று அளந்து ஒரு தாளில் குறித்தால் வீட்டுப் பாதையின் படம் கிடைத்துவிடும். ரசமட்டம் மட்டும் வைத்து எண்பது அடிக்கு மட்டம் பார்க்க முடியாது. ரசமட்டத்தின் சிறு பிழை தூரம் போகப் போகப் பெருகும்.

வேலை முடிந்த பின் இருக்க வேண்டிய அளவுகள்: போர்டிகோ தரை, முடிந்த தாரைவிட 6 இன்ச்சாவது உயரமாக இருக்க வேண்டும். பாதையின் குறுக்கே சரிவு 2 முதல் 2.5 சதவீதம். 12 அடி அகலத்துக்கு அது ஏறக்குறைய 3 முதல் 3.5 இன்ச். சரிவு வீட்டுப் பக்கம் இருக்கவே கூடாது. கேட் திறக்கும் வட்டம் முழுவதும் அடிப்பட்டைக்கும் தாருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கேட் மூடியிருக்கும்போது மட்டும் அளந்துவிட்டுப் போகாதீர்கள். உள்பக்கமாக ஏறும் பாதையில் கேட்டை முழுசாகத் திறக்கும்போதுதான் தட்டும்.

இங்கே இரண்டு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஒன்று சேலத்துத் தப்பு. மட்டம் இறங்கினால் போதும் என்ற ஆசையில் பாதையைத் தெருவைவிடத் தாழ்வாக ஆக்கிவிடுவது. மே மாதச் சாயங்காலத்தில் கோடை மழை ஒரு மணி நேரம் அடித்தால் போதும், தெருத் தண்ணீர் முழுக்க உங்கள் போர்டிகோவுக்கு வந்து சேரும். தெரு ஏற்கெனவே உயர்ந்துபோன இடத்தில் கேட் வாசலில் இரண்டு இன்ச் மேடு விட்டு, அதன் உள்பக்கம் குறுக்கு வாய்க்கால் ஒன்று போட வேண்டும். 6 இன்ச் அகலம், மேலே கார் ஏறினாலும் தாங்கும் இரும்பு கிரில். கிரில்லைத் தூக்கிக் கழுவ முடியும்படி வையுங்கள். சிமெண்ட் பூசி நிரந்தரமாக அடைத்தால் முதல் ஆடியிலேயே சருகு அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று ஏற்காட்டுத் தப்பு. அங்கே பாதையைக் கெடுப்பது மேல் சரிவிலிருந்து இறங்கும் தண்ணீர். காபித் தோட்டத்திலிருந்து ஊறி வரும் நீர் தாருக்கு அடியில் புகுந்து தளத்தை இளக்கும். மேல்பக்க வாய்க்காலைத் தூர்வாராமல், அல்லது வெட்டாமலேயே, தாரை மட்டும் மாற்றுவது சட்டை கிழிந்த இடத்தில் பட்டன் தைப்பது மாதிரி. மேல்பக்கம் ஒன்றரை அடி அகலத்துக்கு வாய்க்கால் எடுத்து, தண்ணீர் போகும் வழியைச் சரிவில் விடாமல் கல் பதித்த இடத்தில் இறக்குங்கள். கீழ்ப்பக்கம் கல்கட்டு இருந்தால் அதன் முதுகில் தண்ணீர் கொட்டக் கூடாது. அதன் வடிதுளைகள் அடைத்திருந்தால் இந்த வேலையோடு திறந்துவிடுங்கள்.

சாலையோர வாய்க்காலை மூடியோ வெட்டியோ பாதையைச் சாலையோடு சேர்ப்பது உங்கள் இஷ்டத்தில் இல்லை. நகருக்குள் மாநகராட்சியிடமும், ஏற்காட்டில் உங்கள் இடத்துக்குரிய உள்ளாட்சி அலுவலகத்திலும், நெடுஞ்சாலையோரம் என்றால் அந்தத் துறையிடமும் முன்னாடியே கேட்டுவிடுங்கள். மலைச் சரிவை வெட்டி அகலப்படுத்தும் எண்ணம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது

சேலத்தில் நிறைய வீடுகளில் சம்ப் முன்வாசலில்தான் இருக்கும். மேலே தார் ஓடிவிட்டால் மூடி மட்டும் தெரியும், தொட்டி எதுவரை நீள்கிறது என்பது மறந்துபோயிருக்கும். அரை மீட்டர் அகல டிரம் உள்ள மெஷினே ஏழெட்டு டன். ஒரு மீட்டர் டிரம் மெஷின் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஸ்லாப் கார் ஏறுவதற்காக வார்த்ததே தவிர இந்த எடைக்கல்ல. சம்ப்பின் நான்கு மூலையையும் உள்ளே இறங்கி அளந்து வெளியே பெயிண்டால் பெட்டி போட்டுக் காட்டுங்கள். சுற்றி இரண்டடிக்கு மெஷின், லாரி, ரோலர் எதுவும் வரக்கூடாது. அந்தப் பெட்டிக்குள் தாரைக் கை பிரேக்கரால் எடுக்கச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க்குக்கும் இதே விதிதான்.

குடிநீர்க் குழாய், மோட்டார் ஒயர், கேட் லைட்டுக்குப் போகும் கேபிள், சிசிடிவி ஒயர், பழைய போர்வெல் பைப் எல்லாம் எங்கே பாதையைக் குறுக்காகக் கடக்கிறது என்று குறியுங்கள். முன்பு பிளம்பர் வந்தபோது தாரை வெட்டிக் குழாய் போட்டு மேலே ஒட்டியிருந்தால் அந்த ஒட்டு தழும்பு மாதிரித் தெரியும். அவசரத்தில் போட்ட குழாய் மூன்று இன்ச் ஆழத்தில்கூட இருக்கும். சந்தேகமுள்ள இடத்தில் கையால் தோண்டிப் பாருங்கள். சேம்பர் மூடிகளைச் சுற்றியும் ஓரடி விட்டுக் கைவேலைதான். புது மட்டத்துக்கு ஏற்ப மூடிச் சட்டத்தை இறக்குவது யார் வேலை என்று கொட்டேஷனில் எழுதாவிட்டால், தார் போட்ட மறுநாள் மூடி ஒரு இன்ச் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஏற்காட்டில் இன்னொரு பிரச்சினை வேர். பாதையோரச் சில்வர் ஓக் மரங்களின் வேர் தாரைத் தூக்கிவிட்டிருக்கும். மேட்டைச் சீவிவிட்டுப் போட்டால் வேர் மறுபடி தூக்கும், வேரை வெட்டினால் காற்றுக் காலத்தில் மரம் சாயும். அந்த ஐந்தாறு அடியை மட்டும் தாரிலிருந்து விலக்கிப் பேவர் பிளாக் போடுங்கள். வேர் தூக்கும்போது பிளாக்கை எடுத்து மணலைச் சரிசெய்து திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

எந்த மெஷின் வரும், உள்ளே நுழையுமா

ஒரு மீட்டர் டிரம் மெஷினின் உடல் அகலம் எட்டடியைத் தொடும். சீவியதை முன்னால் நிற்கும் லாரியில் கொட்ட நீண்ட கன்வேயர் வேறு இருக்கும். பத்தடி கேட்டுக்குள் அது நுழைந்தாலும் திரும்ப முடியாது. வீட்டுப் பாதைக்கு அரை மீட்டர் மெஷின் போதும். அல்லது பாப்கேட்டில் (சிறிய லோடர் வண்டி) மாட்டும் மில்லிங் டிரம். சிறு பாதைக்கு அது மெதுவாகப் போனாலும் ஓரத்தை ஒழுங்காகச் செய்யும். ஜேசிபி பக்கெட் பல்லால் சுரண்டுவதையே சில பேர் மில்லிங் என்று சொல்லி ரேட் பேசுவார்கள். அது சீவாது, பெயர்க்கும். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

எந்த மெஷினாலும் சுவரை ஒட்டிச் சீவ முடியாது. ஓரத்தில் நாலு முதல் ஆறு இன்ச் பழைய தார் நிற்கும். அதைக் கையால் எடுக்காமல் விட்டால் சுவரோரம் ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும், தண்ணீர் அங்கே தேங்கும்.

மலைக்கு மெஷின் லோ பெட் டிரெய்லரில் ஏற வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். டிரெய்லரின் நீளம் வளைவில் திரும்புமா என்று மெஷின்காரரிடம் நேராகக் கேளுங்கள். ஒரே வீட்டுக்காக மெஷினை ஏற்றி இறக்கும் வாடகை, சுரண்டும் கூலியைவிட அதிகமாக வரும். பக்கத்து எஸ்டேட்காரர், ஹோம் ஸ்டேகாரர் யாருக்காவது இதே வேலை இருக்கிறதா என்று விசாரித்து ஒரே வாரத்தில் சேர்த்துச் செய்தால் அந்தச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

எந்த மாதம்

ஏற்காட்டுக்கு ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடிய. சேலத்துக்கு ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை. அக்டோபர், நவம்பரைத் தொடவே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த நேரத்தில் சுரண்டிப் போட்ட பாதையோடு தார் லாரிக்காகக் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். மலையில் குளிர்காலக் காலை வேளைகளில் பனிமூட்டமும் உண்டு. மூட்டத்திலும், ஈரத் தரையிலும், காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதும் சூடான தார்க்கலவை போடக்கூடாது. வெயில் ஏறி, தரை காய்ந்த பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் ரோலர் வேலை முடியும்படி லாரியை வரச் சொல்லுங்கள்.

கொட்டேஷன்

மேஸ்திரி சொல்வார்: “ஒன்றரை இன்ச் போட்டுடலாங்க.” நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “ரோலர் ஓடின பிறகு எத்தனைங்க?” கொட்டியபடி 50 மி.மீ. இருப்பது ரோலர் ஓடினால் 40 ஆகும். கொட்டிய கனத்துக்குக் காசு வாங்கிவிட்டு இறுகிய கனம் 30-இல் நிற்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. “இறுகிய பின் 40 மி.மீ.” என்று எழுத்தில் வாங்குங்கள்.

அதைச் சரிபார்க்கக் கணக்கு இருக்கிறது. 960 சதுரடி என்பது 89 சதுர மீட்டர். 40 மி.மீ. கனத்துக்கு 3.57 கன மீட்டர். இறுகிய தார்க்கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.35 டன். ஆக 8.4 டன் வர வேண்டும். லாரியின் எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஆறு டன்தான் இறங்கியது என்றால் 40 மி.மீ. எங்கிருந்து வரும்? ஓரங்களும் ஒட்டுகளும் போக அரை டன் கூடுதலாக ஆர்டர் செய்வது நல்லது. தார் கலவை ஆலைகள் இரண்டு டன், மூன்று டன் என்று சில்லறையாகக் கொடுக்க யோசிப்பார்கள். சின்னப் பாதைக்காரர்கள் முன்னாடியே பேசி வைக்க வேண்டும்.

கொட்டேஷனில் இருக்க வேண்டியவை: சுரண்டும் ஆழம் மி.மீ.இல், ஓரக் கைவேலை, கெட்டுப்போன இடங்களின் அடித்தளச் சீரமைப்புக்குத் தனி சதுரடி ரேட், ஒட்டுத்தார் எமல்ஷன், கலவையின் வகை, பிட்டுமன் தரம் (வீட்டுப் பாதைக்கு விஜி-30 சரி), இறுகிய கனம், சேம்பர் மூடிகள், சீவிய தூள் யாருக்கு.

அந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. சீவிய தூள் குப்பையில்லை. 3.57 கன மீட்டர் தார் தூளானால் உப்பி 4.6 கன மீட்டர் ஆகும், அதாவது ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). ஜல்லியும் தாரும் கலந்த பொருள். பின்பக்க வண்டி நிறுத்தும் இடத்திலோ, எஸ்டேட்டுக்குள் மண்பாதையிலோ நாலு இன்ச் கனத்தில் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, நல்ல வெயில் நேரத்தில் ரோலர் ஓட்டினால் சேற்றில்லாத பாதை கிடைக்கும். செங்குத்தான சரிவிலும் கிணற்றுக்கு மேல்பக்கத்திலும் போடாதீர்கள், மழையில் அடித்துக்கொண்டு இறங்கும். உங்களுக்கு வேண்டாமென்றால் எடுத்துப் போகிற காண்ட்ராக்டரிடம் அதற்கான தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். “அள்ளிப் போகக் கூலி” என்று உங்களிடமே கேட்டால் சிரித்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

சுரண்டும் நாள்

டிரம் சூடாகாமலும் தூசி பறக்காமலும் இருக்க மெஷின் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகும். தண்ணீர் யார் தருவது என்று முன்னாடியே பேசுங்கள். கோடையில் மலையில் டேங்கர் சொல்லி வைக்காமல் கிடைக்காது. கார்களை முதல் நாள் இரவே வெளியே எடுத்துவிடுங்கள். காலையில் ஒரு கார் உள்ளே மாட்டிக்கொண்டால் அதற்காகவே ஒரு மணி நேர மெஷின் வாடகை போகும்.

முதல் பத்தடி ஓடியதும் நிறுத்தச் சொல்லி ஆழத்தை நீங்களே அளக்க வேண்டும். சீவாத பழைய தாரின் மேல் நேரான கட்டையை வைத்து, சீவிய பள்ளத்தின் அடிவரை டேப்பை இறக்குங்கள். சீவிய தளத்தில் உழுத சால் மாதிரிக் கோடுகள் இருக்கும். மேட்டிலிருந்து அளக்காமல் சாலின் அடியிலிருந்து அளக்க வேண்டும். ஒரே சீராகக் கறுப்பாக இருந்தால் சரி. இடையிடையே செம்மண்ணோ வெள்ளை ஜல்லியோ தெரிந்தால் ஆழம் அதிகம், அல்லது அங்கே தார் மெலிந்திருக்கிறது. உடனே ஆழத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு முனைகளிலும், அதாவது கேட்டில் தெருவோடு சேரும் இடத்திலும் போர்டிகோ சிமெண்டோடு சேரும் இடத்திலும், நேராக வெட்டிய செங்குத்து விளிம்பு வேண்டும். அங்கே மட்டும் சுரண்டாமல் விட்டுப் புதுத் தாரைப் பூஜ்யத்துக்கு மெலியவிட்டால், தோசையின் ஓரம் மாதிரி அந்த மெல்லிய நுனி ஆறு மாதத்தில் பொரிந்து பெயரும். முழு 40 மி.மீ. கனமும் விளிம்பில் போய் முட்டி நிற்க வேண்டும்.

சுண்ணாம்பு வட்டம் போட்ட கெட்ட இடங்களை இப்போது வெட்டுங்கள். வட்டத்துக்கு வெளியே ஆறு இன்ச் நல்ல தளம் வரை சதுரமாக வெட்டி, கெட்டி மண் வரும் வரை தோண்டி, வெட் மிக்ஸை 3 இன்ச் 4 இன்ச் அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இடித்து இறுக்க வேண்டும். ஒரே அடியாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் விட்டால் அடி இறுகாது.

சுரண்டுவதற்கும் தார் போடுவதற்கும் இடையில்

இரண்டுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி விடாதீர்கள். மேல்தோல் போன தளம் தண்ணீரைக் குடிக்கும். இருசக்கர வண்டிக்குச் சாலில் டயர் இழுக்கும். இரண்டு மூன்று நாளுக்குள் தார் லாரி வரும் என்று உறுதியான பிறகுதான் மெஷினுக்குத் தேதி கொடுக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: மெஷின் கிடைத்துவிட்டது என்று சுரண்டிவிட்டு, பிறகு தாருக்கு அலைவது.

சுத்தம் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது. துடைப்பத்தால் கூட்டுவது போதாது, சால்களுக்குள் தூள் தங்கும். கம்ப்ரஸர் காற்றால் ஊதி, உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் கையில் மாவு ஒட்டாத அளவுக்கு வர வேண்டும். பிறகு ஒட்டுத்தாராக ஆர்எஸ்-1 எமல்ஷன், சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ. சீவிய தளம் சொரசொரப்பானது என்பதால் மேல் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாதைக்கு 27 கிலோ வரும். விளிம்புச் சுவர்களிலும் தூரிகையால் தடவ வேண்டும். அடித்த உடனே எமல்ஷன் காபிப்பொடி நிறத்தில் இருக்கும். அது முழுக்கக் கறுத்து, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும் பதம் வந்த பிறகே தார் கொட்ட வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் உள்ளே தண்ணீர் மாட்டிக்கொள்ளும், ஒட்டாது. அதிகமாக ஊற்றிக் குளம் கட்டினாலும் கெடுதல்தான்; சரிவில் புதுத்தார் வழுக்கி நகரும்.

தார் போடும் நாள்

சூடு அளக்கும் தெர்மாமீட்டர் கையில் இருக்கட்டும். விஜி-30 கலவை ஆலையில் 150 முதல் 165 டிகிரியில் புறப்படும். கொட்டிப் பரப்பும்போது 140-க்குக் குறையக்கூடாது, 90-க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். சேலத்து ஆலையிலிருந்து மலை ஏறும் லாரி தார்ப்பாய் மூடியே வர வேண்டும். மேலோடு மட்டும் ஆறியிருக்கும் என்பதால் கலவைக்குள் தெர்மாமீட்டர் கம்பியைக் குத்தி உள்சூட்டை அளந்து பாருங்கள். கட்டியாகச் சேர்ந்து உருண்டு விழும் கலவையைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. அதைப் பேச்சிலேயே சொல்லி வையுங்கள்.

ரோலர் தாழ்வான ஓரத்திலிருந்து மேட்டுப் பக்கம் நகர்ந்து போக வேண்டும். சக்கரத்தில் தார் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் மட்டும். டீசல் தெளிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. டீசல் தாரைக் கரைக்கும், அந்த இடம் பிறகு பொரியும். மண் சாந்தில் கட்டிய பழைய பங்களா, கல்கட்டு ஓரம் வந்தால் வைப்ரேஷனை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். கல்கட்டு ஒருமுறை வயிறு தள்ளினால் தாரைவிடப் பெரிய செலவு அது.

எட்டடிக்கு ஒரு அடிக்கு மேல் ஏறும் செங்குத்துப் பாதைக்குத் தாரே சரியான தேர்வில்லை. கார் பிரேக் பிடித்துப் பிடித்துத் தாரைக் கீழே தள்ளும், நிழலில் பாசியும் பிடிக்கும். அந்தத் துண்டுக்கு மட்டும் குறுக்குக் கோடு இழுத்த சிமெண்ட் கான்கிரீட் போட்டு, மற்றதைத் தாராக வைத்துக்கொள்வது மலை வீடுகளுக்கு ஒத்துவரும்.

முதல் சில வாரங்கள்

ஒரு நாள் முழுக்க வண்டி ஏறக்கூடாது. முதல் இரண்டு வாரம் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முறிக்காதீர்கள், புதுத் தாரில் டயர் வட்டமாக வழித்துவிடும். சேலத்து ஏப்ரல் வெயிலில் புல்லட் சைட் ஸ்டாண்டு அரை இன்ச் உள்ளே போய்விடும். அடியில் ஒரு இரும்புத் தகடோ ஓட்டுத் துண்டோ வைத்தால் போதும். ஆயில் சொட்டும் வண்டி இருந்தால் அது நிற்கும் இடத்துக்கு ஒரு தட்டு.

முதல் பெரிய மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பாதையில் ஒரு சுற்று வாருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, மழை விட்டதும் ஆழத்தை அளந்து படமெடுத்து, காண்ட்ராக்டருக்கு அன்றைக்கே அனுப்புங்கள். கடைசித் தவணைப் பணத்தை அந்த மழை வரைக்கும் கையில் வைத்திருப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டால் அந்தப் படத்துக்குப் பதில் உடனே வரும்.